முருகன் படத்தில் தொங்கும் பேட்ஜ்

1

போன மாதம் என் பேட்ஜைத் துணியோடு துணியாக மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டேன். அதற்கு இங்கே நடந்த அமர்க்களத்தைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டீர்கள்.

பேட்ஜ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அயர்லாந்தில், கார்க் நகரத்துக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். நம் மேல் எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவும் அதில் ஏறியிருக்கும். சில மாதத்துக்கு ஒரு தடவை வாங்கிக்கொண்டு போய், அளந்து பார்த்துச் சொல்வார்கள். அது எதையும் தடுக்காது. பட்டதைக் காட்டும், அவ்வளவுதான்.

அந்த வில்லையைத் துவைத்ததற்கு எனக்கு ஒரு படிவம் வந்தது. எப்போது தொலைந்தது, எப்போது கிடைத்தது, எந்தச் சூட்டுத் தண்ணீரில் துவைத்தாய், உலர்த்தும் மெஷினிலும் போட்டாயா என்று கேள்விகள். சோப்பு பெயரைத்தான் கேட்கவில்லை. எங்கள் மேனேஜர் மெய்ரீட் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, “நீ பயப்படாதே, உன்மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இந்த இடைவெளியில் உன் மேல் எவ்வளவு பட்டது என்று நமக்குத் தெரியாமல் போய்விட்டதே, அதுதான் கவலை” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு எங்கேயோ போய், கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கே என்னோடு வேலை செய்கிற ஒரு பெண், தான் கர்ப்பம் என்று தெரிந்த மறுநாளே மெய்ரீடிடம் போய்ச் சொன்னாள். அவளைப் பெற்ற அம்மாவுக்கே அதற்கப்புறம்தான் தெரியும். உடனே இடுப்பில் குத்திக்கொள்ள இரண்டாவதாக ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். வேலை முறையை மாற்றினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் ஊரெல்லாம் சொல்லவுமில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரரிடம் கத்தினேன். “பேட்ஜ்தானே, புதுசு குடுத்துட்டாங்க இல்ல?” என்றார் பாவம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் கோபம் மெய்ரீட் மேலும் இல்லை, மெஷின் மேலும் இல்லை. ஐயாயிரம் மைல் தாண்டி உத்திரமேரூரில் ஒரு எக்ஸ்ரே சென்டர் மேல் இருந்தது.

2

என் தங்கச்சி ஜெயந்தி அந்த சென்டரில் வேலை செய்தாள். எனக்கு ஒரே தங்கச்சி. நான் படித்த படிப்பையே அவளும் படித்தாள். “அக்கா போன வழியிலயே போறேன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். கல்யாணமாகி, எங்கள் ஊர் மாகறலிலிருந்து உத்திரமேரூருக்கே குடிபோனதால் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே வேலை கிடைத்தது பெரிய வசதியாக இருந்தது.

சென்டர் முதலாளியை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் மாகறல்காரர். நிலபுலன் உள்ள குடும்பம். எங்கள் அம்மா அவர்கள் கழனியில் நாற்று நட்டவள், எங்கள் நைனா அங்கே ஏர் ஓட்டியவர். இதை எதற்குச் சொல்கிறேன் என்று போகப்போகப் புரியும்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது தங்கச்சி வேலை செய்யும் இடத்தைப் பார்க்கப் போனேன். முன்னே அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறை அது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சு. பெஞ்சில் கைக்குழந்தையோடு ஆட்கள். உள்ளே மெஷின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து இருந்தன. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சோறு போடுகிற மெஷினுக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது மேஜைக்கு மேலே இருந்த முருகன் படத்தைப் பார்த்துத்தான். படத்தின் ஆணியில், காய்ந்த பூச்சரத்தோடு சேர்த்து, ஒரு பேட்ஜ் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் குங்குமப் பொட்டு.

“இது யாருது சார்?” என்று கேட்டேன்.

“உன் தங்கச்சிதுதாம்மா” என்றார் சார், வெகு சந்தோஷமாக. “கவர்மென்ட் ரூலு, வாங்கி வெச்சிக்கீறோம்.”

“அவ போட்டுக்கல?”

“போட்டுக்கினா அதுல ஏறிடும்மா. ரிப்போர்ட்டுல நம்பர் வந்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. ரொம்ப பேஜாரு. சாமி கிட்ட கெடந்தா ஒரு புள்ளி ஏறாது. இத்தினி வருசமா நம்ம ரிப்போர்ட்டு எவ்ளோ சுத்தமா வருது தெரியுமா? பெரிய ஆஸ்பத்திரியில கூட அப்டி வராது.”

நான் படித்தவள், இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவள், அந்தப் பொட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மனுஷர் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே பெருமைப்படுகிறார். காய்ச்சல் அளக்கிற கருவியை நோயாளி வாயில் வைக்காமல் மண் பானையில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் யாருக்கும் காய்ச்சலே இல்லை என்கிறார்.

3

பேட்ஜ் தொங்கியது ஒரு பக்கம். ஜெயந்தி வேலை செய்த முறை அதைவிட மோசம்.

நான் நிற்கும்போதே பழையசீவரத்திலிருந்து ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. கூடவே மகன், மருமகள், மகள், பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நம் ஊரில் உடம்பு சரியில்லாதவரை ஓர் அறையில் தனியாக விட்டுவிட்டு வெளியே நிற்பது பாவம். அப்படி யாரும் செய்யமாட்டார்கள்.

ஜெயந்தி அவர்களை ஒருவழியாக வெளியே அனுப்பினாள். பெரியவர் அவளை விடவில்லை. “என்ன வுட்டுட்டு போவாதம்மா” என்றார். “நான் எங்க தாத்தா போறேன், இங்கியேதான் கீறேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் காலை நேராக அழுத்திப் பிடித்தாள். பிடித்தபடியே, “சார், ரெடி!” என்று குரல் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சார் ஸ்விட்சை அழுத்தினார்.

இதுதான் அங்கே வழக்கம். அவள் பிடிப்பாள், அவர் அழுத்துவார். ஆடுகிற குழந்தை, வலியில் துடிக்கிற கிழவி, பயந்த பெண்கள் எல்லோருக்கும் அவள்தான். ‘அந்தப் பொண்ணு கையைப் புடிச்சிக்கும், பயமே தெரியாது’ என்று சுத்துப்பட்டு ஊரெல்லாம் பேர். அவளுக்காகவே அங்கே வருகிறவர்கள் உண்டு.

பெரியவர் போனதும் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். “ஏண்டி, உனக்கு மூளை கீதா? படிச்சிட்டுத்தானே வந்த? ஏப்ரன் எங்க?” கதிர் படாமல் மேலே மாட்டிக்கொள்ளும் ஈய அங்கிதான் ஏப்ரன்.

“ஏப்ரனா? இங்க ஏதுக்கா. வாங்கித் தரேன்னு சார் சொல்லிக்கினேதான் கீறாரு.”

“அப்ப புடிக்கமாட்டேன்னு சொல்லு.”

“நீ அங்க இருந்துக்கினு ஈஸியா சொல்லுவ. அந்தத் தாத்தா மொகத்த பாத்த இல்ல?”

எக்ஸ்ரே என்றாலே விஷம் என்று பயந்து யாரும் படம் எடுக்காமல் இருந்துவிட வேண்டாம். அந்தப் பெரியவருக்கு அந்தப் படம் கட்டாயம் வேண்டும், அவர்மேல் பட்டது கொஞ்சம். கூட வந்தவர் ஒரு நாள் பிடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நோயாளி வருஷத்தில் ஒரு தடவை வருகிறார். ஜெயந்தி தினமும் அங்கே நிற்கிறாள். அவர் உடம்பில் பட்டுச் சிதறுகிற கதிர் அவள் மேல் படுகிறது, நாள் முழுக்க, வருஷக்கணக்காக. அது மொத்தம் எவ்வளவு? கொஞ்சமாகவே கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது, அளக்கச் சொன்னவர்களுக்கும் தெரியாது. முருகன் மேல் எவ்வளவு பட்டது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

4

மாசி மாதத்தில் ஒரு நாள் ஜெயந்தி போன் செய்தாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

“அக்கா, நாளு தள்ளிப் போயிருக்கு.”

சமையலறையில் நின்றுகொண்டு அழுதுவிட்டேன். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று தங்கி, தங்காமல் போய்விட்டது. அந்தத் தடவை மாமியார் சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கலைந்ததும், கண்ணு பட்டுவிட்டது என்று அதே தெரு சொன்னது. அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். புருஷனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

“சார் கிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“உனக்கு இன்னா பைத்தியமா? மூணு மாசம் ஆவட்டும்.”

“அதுவரைக்கும் புடிச்சிக்கினு நிப்பியா?”

போனை வைத்துவிட்டாள்.

பிள்ளை உருவாகிற அந்த முதல் மாதங்களில்தான் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதே மாதங்களைத்தான் நாம் வாயை மூடிக்கொள்ளும் மாதங்களாக வைத்திருக்கிறோம். போன தடவை கலைந்ததற்கு எக்ஸ்ரேதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. ஆனால் அது இல்லை என்று சொல்லவும் யாரிடமும் ஆதாரம் இல்லையே. அளந்திருந்தால்தானே?

எனக்கும் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்க லேசில் வாய் வந்துவிடவில்லை. இங்கே வந்த புதிதில், பெரியவளான வயசுக்கு மேல் எந்தப் பெண் வந்தாலும் படம் எடுக்கும் முன் கர்ப்பமா என்று கேட்டே ஆக வேண்டும் என்றார்கள். கூச்சத்தில் நெளிந்தேன். நம் ஊர்ப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, உங்கள் தேதி தள்ளிப் போயிருக்கிறதா என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். அவர், அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிவைத்துவிட்டதாக நினைத்து, ரிசப்ஷனில் போய்ச் சண்டை போட்டார். கன்னியாஸ்திரி ஒருவர் வந்தபோது கேட்கவே கூடாது என்று நினைத்தேன். சட்டம் விடவில்லை. கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “எங்கள் மடத்துக்கு அது பெரிய செய்தியாக இருக்கும்” என்றார். நான் செத்தேன்.

போன வருஷம் என் மகளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பதிமூன்று வயசு. என்னோடு வேலை செய்கிற பெண்ணே என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என் மகளிடம் தனியாக அந்தக் கேள்வியைக் கேட்டாள். தினமும் நானே கேட்கிற கேள்விதான், ஆனாலும் என் பெண்ணிடமா என்று எனக்குச் சுருக்கென்றது. மகளோ இல்லை என்று சொல்லிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். ஒரு வெட்கமும் இல்லை, ஒரு கோபமும் இல்லை.

சித்தி விஷயத்தை அவளிடம் சொன்னபோது ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது. சித்தி ஏன் முடியாது என்று சொல்லக் கூடாது, சட்டம் இருக்கிறதே என்றாள். உனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். மாகறலில் சார் குடும்பத்துக்கு எதிரில் எங்கள் வீட்டில் யாரும் இதுவரை முடியாது என்ற சொல்லைச் சொன்னதில்லை என்பதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது? தமிழில் சொன்னால் பாதி புரியாது. ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கே நம்பிக்கை வராது.

5

இரண்டு வாரம் பொறுத்தேன். தினமும் போன் செய்து, “இன்னிக்கு புடிச்சியா?” என்று கேட்பேன். “ஒண்ணே ஒண்ணு, சின்னக் கொயந்தக்கா” என்பாள். ஒரு நாள், “இன்னா பண்ண சொல்ற, அது அலறிக்கினு கீது” என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளிடம் சொல்லாமல் சாருக்குப் போன் போட்டேன்.

“சார், ஜெயந்தி முழுகாம இருக்கா. அவ இனிமே யாரையும் புடிக்கக் கூடாது. சுவருக்கு வெளிய நின்னு ஸ்விட்ச் அழுத்தட்டும். அவ பேட்ஜை அவ கையில குடுங்க.”

“அடடே, நல்ல சேதியாச்சேம்மா! நீ கவலயே படாத. நான் பாத்துக்கறேன்” என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். மறுநாளே, குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்று ஜெயந்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டீக்கடையில் நின்று நாலு பேர் எதிரில் அந்த நல்ல சேதியைச் சொல்லவும் செய்தார். சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விட்டது, பூக்காரி மூலமாக.

ஜெயந்தி போனில் கத்தினாள். “நீ யாருக்கா என் வயித்துல இருக்கறத சொல்றதுக்கு? வேலையும் போச்சு. அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு ரெண்டு நாளா சோறு துன்னாம குந்திக்கினு கீது. நீ அங்கியே கெட. எனக்குப் போன் பண்ணாத.”

பண்ணவில்லை. ஆனால் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. சாருக்குத்தான் மறுபடி போன் செய்தேன். வேலையை விட்டு ஏன் சார் நிறுத்தினீர்கள், பிடிக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்கும்மா வம்பு? இப்ப நிவேதான்னு ஒரு பொண்ண போட்டுக்கீறேன். இப்பதான் படிச்சி முடிச்சிருக்குது. கல்யாணம் ஆவாத பொண்ணாவே பாத்து போட்டேன். இனிமே இந்தப் பிரச்சனையே வராது.”

கதிர் தாலியைப் பார்த்துவிட்டா படுகிறது? இவருக்குப் பிரச்சனை என்று தெரிந்தது என் தங்கச்சியின் வயிறு ஒன்றுதான். அந்த அறை அப்படியே இருக்கிறது, பச்சைத் திரை அப்படியே இருக்கிறது, பிடிக்கிற கை மட்டும் மாறியிருக்கிறது. என் தங்கச்சியை நான் வெளியே இழுத்தேன், அவள் நின்ற இடத்தில் யார் வீட்டுப் பெண்ணையோ கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்திருந்தால் சாருக்கா வலிக்கும்?

6

ஜெயந்தியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் புருஷன் மட்டும் அவ்வப்போது ஒரு வரி அனுப்புவார், நல்லா இருக்கா, டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னாங்க என்று. அதைப் பார்த்துத்தான் தூங்குவேன்.

நேற்று சாரே கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“உன் தங்கச்சிய கொஞ்சம் கண்டிச்சி வைம்மா” என்றார்.

“இன்னா சார் பண்ணா?”

“தெனம் நாஷ்டா முடிச்சிக்கினு வந்துடறா. வெளிய பெஞ்சுல குந்திக்கினு, உள்ள போற பொம்பளைங்கள ஒவ்வொருத்தியா நிறுத்தி, நாளு தள்ளிப் போயிருக்கான்னு கேக்கறா. ஆம்பளைங்க எதிர்லயே! மாமியாகாரி வேற கூடவே வந்து குந்திக்கினு, ‘கேக்கறா இல்ல, வாயத் தொறந்து சொல்லு’ன்னு அதட்டுது. மானம் போவுதும்மா. அது இன்னா பஸ் ஸ்டாண்டுல கேக்கற கேள்வியா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூச்சு விடமாட்டேன் என்று சொன்னவளா இவள்? அடக்கிக்கொண்டு கேட்டேன். “யாராவது ஆமான்னு சொன்னாங்களா சார்?”

“முந்தாநேத்து ஒரு பொண்ணு சொல்லிச்சி. படம் எடுக்கறப்ப மாமனார புடிச்சிக்க வந்த பொண்ணு. அப்டியே திரும்பி வந்து பெஞ்சுல குந்திக்கிச்சி.”

“நிவேதா?”

“அந்தப் பொண்ணயும் உன் தங்கச்சி கெடுத்து வெச்சிக்கீறா. நான் புடிக்கமாட்டேன் சார்ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது.”

“அப்ப அந்த மாமனாரை யாரு சார் புடிச்சாங்க?”

“வேற யாரு? நான்தான்.”

“சும்மாவா போய்ப் புடிச்சீங்க?”

“அது எப்டிம்மா? ஏப்ரன் போட்டுக்கினுதான். வூட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்தாரச் சொன்னேன். அதுவரிக்கும் பெரியவர அப்டியே படுக்க வெச்சிட்டேன்.”

“உங்ககிட்ட ஏப்ரன் இருக்கா சார்?”

“ஏன் இல்லாம? சென்டர் தொறந்தப்பவே வாங்கனது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா காட்டணும் இல்ல? அழுக்காவக் கூடாதுன்னு வூட்ல வெச்சிருந்தேன், கவரு கூட பிரிக்காம.”

“கவரை எப்ப சார் பிரிச்சீங்க?”

“அதான் சொன்னேனேம்மா, முந்தாநேத்து” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.